பின்னந்தலைக்குக் கை எட்டாது

முடி தப்பான பக்கத்திலிருந்து வெளுத்திருந்தது.

டை அடிக்கிற முடி எப்படி வளரும் என்பது அவனுக்கு அத்துப்படி. பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, குளியலறையில் வாஷ்பேசின் முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, கறை படிந்த துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டு அப்பா உட்காருவார். முன்பக்கம், மீசை, காதோரம் எல்லாம் அவர் கையாலேயே நடக்கும். பின்னந்தலைக்கு மட்டும் கை எட்டாது. அது மகனின் இலாகா. வாரத்துக்கு வாரம் வேரோரம் வெள்ளை எட்டிப் பார்க்கும். இவன் பிரஷ்ஷால் அதன் தலையில் ஒரு போடு போட்டு உள்ளே அனுப்புவான். போன வாரம் ஃபோன் பேசிக்கொண்டே அடித்ததில் வலது காதுக்குப் பின்னால் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இடம் விட்டுப்போயிருந்தது. அப்போது முழுக்க வெள்ளை. இப்போது அதே இடத்தில் நுனி வெள்ளை, வேர் கறுப்பு.

"அப்பா, உங்களுக்கு அடியில கறுப்பா முளைக்குது."

"முளைக்கட்டும்."

"அது எப்படி முளைக்கும்?"

"நீ அடி. காதுல படாம அடி."

அப்பா ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேஜையில் இருபத்தேழு வருடமாக நின்றுகொண்டிருப்பவர். புதிதாக வந்த மேனேஜர், இவனைவிட மூன்று வயதுதான் பெரியவன், முன்மேஜைக்கு 'ஃப்ரெஷ்ஷான முகம்' வேண்டும் என்று சொல்லிவிட்டான். முகம் ஃப்ரெஷ்ஷாக இல்லாதவர்களுக்குக் கீழ்த்தளத்தில், படுக்கை விரிப்புகளை எண்ணி அடுக்கும் அறை காத்திருந்தது. அதற்குப் பிறகு அப்பா லிஃப்ட் கண்ணாடியில் பார்த்தார், ஸ்பூனின் முதுகில் பார்த்தார், அணைத்து வைத்த டிவியில் தன்னையே அரைமணி நேரம் பார்த்தார். அதில் ஓடும் மற்ற நிகழ்ச்சிகளைவிட அது மோசமில்லை என்று அப்போது மகன் நினைத்தான்.

அன்று டையில் ஒரு வாடை இருந்தது. எப்போதும் மூக்கைக் குத்தும் மருந்து நெடிதான், ஆனால் அதற்கு அடியில், மழையில் நனைந்த இரும்புக் கம்பியை நக்கினால் வருமே, அப்படி ஒன்று. கிண்ணம் துருப்பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பிளாஸ்டிக் கிண்ணம் துருப்பிடிக்காது என்பது மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது.

அதற்கு முன்பே வேறு சில விஷயங்கள் உறைத்துவிட்டன.

சனிக்கிழமை சாயங்காலங்களில் அம்மா அவனுக்கு ரத்தம் எடுத்தாள். அம்மா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். ஒரு சாதாரணக் காய்ச்சலில் ஆரம்பித்தது. சமையல் மேடையில் கையை நீட்டச் சொல்லி, ரப்பர் பட்டையை முழங்கைக்கு மேல் இறுக்கி, இரண்டு விரலால் தட்டி, ஊதா மூடி போட்ட ட்யூபில் ஒன்று. காய்ச்சல் போய்விட்டது, அசதி வந்தது. அசதிக்கு ஒரு ட்யூப். ட்யூப் கொடுத்ததில் அசதி கூடியது. கூடிய அசதிக்கு இன்னொன்று.

"ரிப்போர்ட் எங்கம்மா?"

"எல்லாம் நார்மல்."

"காட்டேன்."

"நார்மலை என்னன்னு காட்டுறது. பஞ்சை அழுத்திப் பிடி."

இரண்டாவது வாரம் படியேறும்போது முழங்கால் பேச ஆரம்பித்தது. மூன்றாவது வாரம், அவன் வேலை பார்க்கும் காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணில் எடுத்த அழைப்பு ஒன்றில், அதுவரை அவன் பரம்பரையையே இழுத்து வைது தீர்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருத்தர் திடீரென்று அடங்கி, "சரிங்க, பெரியவர் நீங்க சொல்றீங்க, கேட்டுக்கறேன்" என்று வைத்துவிட்டார். பஸ்ஸில் கல்லூரிப் பெண் ஒருத்தி சட்டென்று எழுந்து, "உக்காருங்க அங்கிள்" என்றாள். அவனுக்கு இருபத்தைந்து வயது. ஒரு பெண் அவனுக்காக எழுந்து நின்றது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் இடுப்பிலிருந்து கழுத்துவரை பரவிய நிம்மதிதான் அவனை முதல்முறையாகப் பயமுறுத்தியது.

வீட்டில் அப்பா அவனுடைய நீலச்சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தார். தொப்பை இருந்த இடத்தில் சட்டை நேராக இறங்கியது. மணி பார்க்க மகனின் ஃபோனை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். முகம் பார்த்துத் திறக்கும் ஃபோன், திறந்துகொண்டது. மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மகன் எடுத்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்தான். விளக்கடியில் பிடித்தான். தலையைச் சீவிக்கொண்டு வந்து பிடித்தான். ஃபோன் அவனை யாரென்று தெரியாது என்று சொல்லிவிட்டது.

அடுத்த நாள் காலை அவன் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து அம்மாவின் குரல்.

"என்னங்க, மாத்திரை போட்டீங்களா?"

திரும்பினான். அவள் கையில் அப்பாவின் பிரஷர் மாத்திரையும் தண்ணீரும். முகத்தைப் பார்த்தாள். தவறாகக் கூப்பிட்டதற்குச் சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை. அடுத்த அறையில் அப்பா சீட்டியடித்துக்கொண்டு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். இவன் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டான். ஏன் போட்டுக்கொண்டோம் என்று அன்று முழுக்க யோசித்தான். சில நாளாக இருந்த தலைசுற்றல் நின்றிருந்தது.

வியாழக்கிழமை, இடமாற்றம் கிடைத்துவிட்டதாகச் சொன்னான். வேறு ஊர். திங்கட்கிழமை சேர வேண்டும், ஞாயிறு மதியம் பஸ்.

சாப்பாட்டு மேஜையில் அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் குழாய் நின்றுபோகப் போகிறது என்று தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளும் பார்வை.

"இத்தனை வருஷம் உனக்குச் செஞ்சிருக்கோம்" என்றாள் அம்மா. "உன்னை வளர்த்தே எங்களுக்கு நரைச்சுப்போச்சு."

அந்த வாக்கியத்தை அவன் ஐந்தாம் வகுப்பிலிருந்து கேட்டு வருகிறான். கணக்கில் மதிப்பெண் குறைந்தால் வரும், பைக் கேட்டால் வரும். முதல்முறையாக அதை அவர்கள் திட்டுவதற்காகச் சொல்லவில்லை, கேட்பதற்காகச் சொல்கிறார்கள் என்று தோன்றியது. சனிக்கிழமை சாயங்காலம், கையை நீட்ட மாட்டேன் என்றான். அம்மா வற்புறுத்தவில்லை. அதுதான் அவனைத் தூங்க விடவில்லை. விடியும் நேரத்தில் எப்படியோ அசந்துவிட்டான்.

ஞாயிறு காலை எழுந்தபோது முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

வெயில் நன்றாக ஏறியிருந்தது. கீழே யாரோ வண்டி கழுவும் சத்தம், பக்கத்து வீட்டு மிக்ஸி, எங்கேயோ குழந்தை சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடைவழியில் வந்தான். குளியலறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளேயிருந்து அந்த வாடை. மருந்து, அதற்கடியில் இரும்பு.

அப்பா வாஷ்பேசின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கிண்ணத்தில் கறுப்புப் பசை. கையில் ஊதா மூடி கழற்றிய ட்யூப். அதைக் கிண்ணத்தின் மேல் கவிழ்த்து, சாஸ் பாட்டிலின் கடைசிச் சொட்டுக்குத் தட்டுவதுபோல அடியில் தட்டினார். ட்யூபின் ஸ்டிக்கரில் அம்மாவின் கையெழுத்து. அவன் பெயர். பிரஷ்ஷால் கலக்கினார். அடுப்பில் எதையோ பதம் பார்ப்பதுபோல, கண்ணைச் சுருக்கி, நிதானமாக.

அவன் பின்னால் நகர்ந்தான். பையை எடுத்தான். வாசற்கதவு பூட்டியிருந்தது. சாவி ஆணியில் இல்லை.

"சாவி இங்க இருக்கு" என்றார் அப்பா.

சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். தோளில் துண்டு. நடைவழி வெளிச்சத்தில் அவர் முகத்தை நேராகப் பார்க்க அப்போதுதான் தைரியம் வந்தது, பார்த்ததும் போய்விட்டது. ஐந்து வாரத்துக்கு முன்னால்வரை தினமும் காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் அவன் பார்த்த முகம் அது.

"கதவைத் திறங்கப்பா."

"திறக்கறேன். எதுக்கு இவ்வளவு பதற்றம்? உடம்புக்கு ஆகாது."

"பின்னாடி அடிச்சுவிட்டுட்டுப் போறேன். சரியா? அடிச்சுவிட்டுட்டுப் போயிடறேன்."

"அதுக்கு நீ வேணாம்டா" என்றார் அப்பா. வலது கையைத் தூக்கி, தலைக்கு மேலே கொண்டுபோய், பின்னங்கழுத்தை முழுசாகத் தடவிக் காட்டினார். தோள்பட்டை எண்ணெய் போட்ட கீல்போலத் திரும்பியது. "இப்பல்லாம் கை எட்டுது."

பின்னே எதற்கு வேண்டும் என்று கேட்க அவன் நிற்கவில்லை.

ஓடினான். ஓடியதாக நினைத்தான். நான்கு எட்டு வைப்பதற்குள் மூச்சு நெஞ்சில் மோதியது. குளியலறைதான் பக்கத்தில், அதற்குத்தான் தாழ்ப்பாள். உள்ளே விழுந்தான். தாழ்ப்பாளுக்கு விரல் மடங்கவில்லை. கதவு அவன் மேலேயே திறந்தது. நெற்றி குழாயில் இடித்தது. சூடாக எதுவோ கண்ணில் இறங்கியது. வாஷ்பேசின் விளிம்பில் மீசைக் கத்தரிக்கோல்.

எடுத்தான். குத்தினான்.

அப்பாவின் கன்னத்தில் இறங்கியது. பல்லில் உரசும் சத்தம் கைவழியாகக் கேட்டது. இழுத்தான். மறுபடியும் குத்தினான். கழுத்துக்குக் குறி வைத்தது தோளில் போனது. வெள்ளை ஓடுகளில் சிவப்புத் தெறித்தது. அப்பா ஒரு எட்டு பின்வாங்கி, கண்ணாடியில் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தரிக்கோலைப் பிடுங்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஓட்டையை மட்டும் பார்த்தார்.

"தழும்பு விழுமா?" என்று உள்பக்கம் திரும்பிக் கேட்டார்.

"விழாது. சின்ன வயசுத் தோல்" என்றது அம்மாவின் குரல்.

பிறகுதான் அடித்தார்.

முதல் அடியில் பல் போனது. இரண்டு. வாஷ்பேசினில் விழுந்து உருண்டன, வலிகூட இல்லை, அவ்வளவு ஆடிக்கொண்டிருந்தவை. இரண்டாவது அடியில் இடுப்பில் ஏதோ காய்ந்த குச்சிபோல முறிந்தது. அது வலித்தது. தரையில் கிடந்தான். பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றது. கத்தினான். குரல் வரவில்லை, காற்று வந்தது. மிக்ஸி மறுபடி ஓட ஆரம்பித்தது.

அப்பா அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தார். லேசாகத்தான் தூக்கினார். கனமில்லை. கத்தரிக்கோல் பிடித்திருந்த கையை அவன் பார்த்தான். நரம்பு புடைத்து, தோல் காகிதமாகி, பழுப்புப் புள்ளி விழுந்த கை. வேறு யாரோ அவன் மடியில் மறந்து வைத்துவிட்டுப் போன கை.

அம்மா வந்தாள். வேலைக்குப் போடும் வெள்ளைக் கோட்டு. குந்தி உட்கார்ந்தாள். முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையை இறுக்கினாள். இரண்டு விரலால் தட்டினாள்.

"அம்மா" என்றான்.

"கையை மூடிக்கங்க பெரியவரே" என்றாள். தினமும் நூறு பேரிடம் பேசும் குரல். கனிவான குரல். "ஒண்ணும் ஆகாது. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

"அம்மா, நான்தான்."

"வீட்டு நினைவு வந்துடுச்சா. வரும். வயசானவங்களுக்கு வரும்."

ஊசி போனது. ட்யூப் நிறைந்தது. அதை அப்பாவிடம் நீட்டிவிட்டு எழுந்தாள். போய்விடுவாள் என்று நினைத்தான். போகவில்லை. ஸ்டூலைக் காலால் இழுத்து வாஷ்பேசின் முன்னால் போட்டாள். அப்பாவின் தோளிலிருந்து துண்டை உருவித் தன் தோளில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே விரலால் இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துப் பார்த்தாள். கூச்சப்படும் புதுப்பெண்போல அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"எனக்கு நீங்கதான் அடிச்சுவிடணும்."

கையைப் பின்னால் கொண்டுபோய் கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். கொண்டை அவிழ்ந்தது. முடி இறங்கியது. தோளைத் தாண்டியது, முதுகைத் தாண்டியது, இடுப்பைத் தாண்டியது, ஸ்டூலின் விளிம்பில் வழிந்து ஈரத்தரையில் சுருண்டு படுத்தது. அடியிலிருந்து நுனிவரை வெள்ளை.

அப்பா கையிலிருந்த ட்யூபைப் பார்த்தார். அந்த முடியைப் பார்த்தார்.

ட்யூபை ஜன்னல் மேடையில் வைத்தார். ரேஸரிலிருந்து பிளேடைக் கழற்றித் துடைத்தார். பிறகு குழாயடியிலிருந்து வாளியை இழுத்து, கவிழ்த்து, மிச்சத் தண்ணீர் போக ஒரு தட்டுத் தட்டி, அவன் கையைத் தூக்கி, அதற்கு நேர் கீழே நிமிர்த்தி வைத்தார்.