கதவுக்கு வைத்த முட்டு

நீச்சல் பள்ளியின் அறைக்குள் லிட்மஸ் உட்காரும் முன்பே அதை நடத்தும் அம்மாள் விஷயத்தைக் கொட்டிவிட்டாள்.

"ஆத்துத் தண்ணியில ஈயம் இருக்காம், அண்ணா. நாளன்னைக்குப் படித்துறையை மூடுறாங்க. பிள்ளைங்க உடம்புக்கு ஆகாதுன்னா நானே பூட்டிடுவேன். ஆனா அப்பா போனப்புறம் எனக்குன்னு மிஞ்சினது இது ஒண்ணுதான்."

லிட்மஸ் என்பது பள்ளிக்கூடத்தில் ஒட்டிய பெயர். நீர் ஆய்வகத்தில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகும் அது உதிரவில்லை. அவருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்ததே இந்த அம்மாளின் அப்பா, பெரியவர்தான். கூட வந்திருந்த மச்சானுக்கும் அவரே ஆசான். ஆனால் மச்சான் இன்றுவரை மிதப்பதோடு சரி.

அறை அப்படியே இருந்தது. ஈரத் துண்டின் வாடை, சுவரில் பெரியவரின் மீன்வலை, ஆற்றைப் பார்த்த கதவு. வலையின் ஒரு ஓரம் மட்டும் சுருண்டு மேலே ஏறியிருந்தது. அந்தக் காலத்தில் காற்றடித்தால் இந்தக் கதவு படாரென்று சாத்திக்கொள்ளும், தண்ணீருக்குள் நின்றபடியே பெரியவர் "கதவு!" என்று அதட்டுவார். அந்த அதட்டலை இன்னொரு தடவை கேட்க மாட்டோமா என்று லிட்மஸுக்கு ஏக்கமாக இருந்தது. இப்போது பளபளவென்று ஒரு எஃகு உருளை, தலையில் வளையத்தோடு, கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தது.

"பிள்ளைங்க விரல் நசுங்கிடுமேன்னு போன மாசம் இவர்தான் கொண்டாந்து வச்சாரு," என்று கணவரைக் காட்டினாள்.

கணவர் அதே ஆய்வகத்தில் ஜீப் ஓட்டுபவர். மாதிரி எடுக்கிற ஆள் வேலையை விட்டுப் போனதிலிருந்து, பாலத்தின் மேலிருந்து பாட்டிலைக் கயிற்றில் இறக்கி ஆற்றுநீர் எடுப்பதும் அவர் தலையில் விழுந்திருந்தது.

"ரெண்டு தடவையும் நான்தான் எடுத்தேன். என் கையாலயே இவ பொழப்புல மண்ணு விழுந்துது," என்றார் அவர்.

"எல்லாம் மேல பேட்டரிப் பட்டறை வச்சிருக்கானே, அவன் வேலை," என்றாள் அம்மாள். "அப்பாகிட்ட நீந்தக் கத்துக்கிட்டு, அப்பா ஆத்துலயே கொட்டுறான். மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன்."

மச்சான் துள்ளினார். "முடிஞ்சுது அத்தான். பேட்டரின்னாலே ஈயம்தானே?"

"பொறு. மொதல்ல சேறு," என்றார் லிட்மஸ்.

பட்டறைக்குக் கீழே கரையில் இறங்கிச் சேற்றை அள்ளினார். ஒட்டியிருந்த நத்தைகளையும் எடுத்துக்கொண்டார். ஒரு பாட்டிலைக் கையாலேயே முக்கித் தண்ணீர் பிடித்தார். பாலத்தின் மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மச்சான் முகத்தைச் சுளித்தபடி வந்தார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்ததில் வெள்ளைச் சட்டையில் பென்சில் கிறுக்கியது போல ஒரு சாம்பல் கோடு.

"வீட்டுல என்னைத் தோலை உரிச்சிடுவா," என்றார் மச்சான்.

"சட்டையைத் துவைக்காதே," என்றார் லிட்மஸ். கணவரிடம் மாதிரி எடுக்கும் சாமான்களைப் பையோடு இரவல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மாலை எல்லோரும் அதே அறைக்கு வந்தார்கள். பேட்டரிக்காரர் மட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை. வெளியிலேயே நின்றார்.

"ஈயம் ஆத்துல கலந்தா தண்ணியோட முழுசா ஓடிடாது," என்று லிட்மஸ் ஆரம்பித்தார். "பெரும்பகுதி சேத்துல தங்கும், நத்தை உடம்புல ஏறும். பட்டறைக்குக் கீழ சேறும் சுத்தம், நத்தையும் சுத்தம். நான் கையால பிடிச்ச தண்ணியும் சுத்தம்."

"அப்ப பாலத்துல எடுத்ததுல மட்டும் எப்படி அத்தான் வந்துச்சு?"

"உன் சட்டையில வந்த மாதிரிதான். காய்ச்சி வடிச்ச தண்ணியில அதே பாட்டிலை, அதே கயித்துல கட்டி முக்கினேன். ஆத்துத் தண்ணி ஒரு சொட்டு இல்லை. அதுலயும் ஈயம். பாட்டில் முங்குறதுக்காகக் கழுத்துல கட்டியிருந்தது ஈயக் குண்டு. இறக்கி ஏத்தும்போது பாலத்துச் சுவர்ல உரசி, தூள் பாட்டில் வாயில விழுது. கெடாம இருக்க ஆய்வகத்துல ஊத்துற அமிலம் அதைக் கரைச்சிடுது."

மச்சான் சுவரிலிருந்த வலையைப் பார்த்தார். சுருண்ட ஓரத்தில் மட்டும் ஈயக் குண்டுகள் இல்லை.

"பாட்டில்ல கட்ட வேண்டிய எஃகு எடை இந்தக் கதவடியில இருக்கு," என்றார் லிட்மஸ்.

கணவர் தலையைத் தொங்கப் போட்டார். "முங்குறதுக்கு எதைக் கட்டினா என்னன்னு நினைச்சேன். இவ பள்ளிக்கூடத்துக்கு நம்மாலானதுன்னு..."

"ஆய்வகத்துல சொல்லிட்டேன். அவங்களும் கையால எடுத்துப் பாத்துட்டாங்க. நாளைக்கு மூடப்போறதில்ல. பிள்ளைங்க தாராளமா இறங்கலாம்."

அம்மாள் குனிந்து அந்த உருளையை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தாள். ஆற்றுக்காற்று ஒரு வீச்சு வீசியது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"கதவு!" என்று வெளியிலிருந்து ஒரு அதட்டல் வந்தது.

லிட்மஸுக்கு உடம்பு சிலிர்த்தது. அச்சு அசல் பெரியவரின் தொனி. அம்மாள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். பேட்டரிக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"பழக்கதோஷம் அக்கா. வாயில வந்துடுச்சு."

"நான் கேட்டதை மன்னிச்சுடுடா," என்றாள் அவள். கண் நிறைந்திருந்தது. "உள்ள வா. வந்து, அதை இன்னொரு தடவை சொல்லு."