ஊதினால் திறக்கும் கதவு

செவ்வாயில் பவளப்பள்ளம் குடியிருப்பின் பள்ளிக்கூடக் கதவு, ஊதினால்தான் திறக்கும். பிள்ளைகள் வரிசையில் நின்று ஒரு குழலில் மூச்சை ஊதுவார்கள். பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே போகலாம். சிவப்பு எரிந்தால் மருந்தன் என்ற ரோபோ உருண்டோடி வந்து தூக்கிக்கொண்டு போகும். எந்த வடிகட்டியையும் ஏமாற்றிவிட்டுப் பிஞ்சு நுரையீரலில் குடியேறுவதில் செந்தூசி கெட்டி. வீட்டுப்பாடம் எழுதாதவர்கள் வேண்டுமென்றே மெதுவாக ஊதுவதும் உண்டு.

டாக்டர் பெர்னதெத்திடம் மூச்சுத் திணறலுக்கு இரண்டு மருந்துகள் இருந்தன. இரண்டும் பிழைக்க வைக்கும். எது சீக்கிரம் பிழைக்க வைக்கும் என்று யாருக்கும் தெரியாது. போன மாதம் ஒரு பையன் பதினோரு நிமிடம் போராடித்தான் மீண்டான். எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து என்பதை மருந்தன் குலுக்கலில் முடிவு செய்தால், ஒரே வருடத்தில் விடை தெரிந்துவிடும். ஆனால் தவிக்கிற பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் படிவத்தை நீட்ட முடியுமா? அதனால் ஊர்க் கூட்டத்தில் முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும் என்பது குடியிருப்பின் சட்டம்.

"எங்க பிள்ளைங்க என்ன சோதனை எலியா?" என்று அந்தக் கூட்டத்தில் எழுந்தார் தேவசகாயம், ஓய்வுபெற்ற காற்றுக்குழாய் மேற்பார்வையாளர். "பெத்தவங்களைக் கேட்காம ஒரு சொட்டு மருந்து கொடுக்கக் கூடாது, டாக்டரம்மா!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. பிளக்காதது நல்லதாகப் போயிற்று. வெளியே காற்று கிடையாது.

அந்த நேரம் பார்த்து, முன்வரிசையில் முத்தரசியின் ஐந்து வயது மகள் குழலிக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. தேவசகாயம் ஒரே தாவலில் போய், தான் காய்ச்சிய தைலத்தைக் குழந்தையின் நெஞ்சில் அப்பினார். பக்கத்து வீட்டு அமலி வாயில் வெந்நீர் ஊற்றப் பார்த்தாள். ஒருவர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். பூமியிலிருந்து யாரோ அனுப்பிய செய்தியைப் பார்த்துச் சமையலறை அச்சுப்பொறியில் மாத்திரை செய்து வைத்திருந்த இன்னொருவர் அதை நீட்டினார். முத்தரசியை ஒருவரும் கேட்கவில்லை. "அம்மா, சிகிச்சைக்கு உங்கள் சம்மதம் உண்டா?" என்று கேட்டது மருந்தன் ஒன்றுதான்.

"கொடுங்க, சீக்கிரம் கொடுங்க!" என்று அலறினாள் அவள்.

பெர்னதெத் கூட்டத்தை விலக்கி, மருந்துப்புகை முகமூடியைக் குழந்தையின் முகத்தில் பொருத்தினார். நான்கு நிமிடத்தில் குழலி கண்ணைத் திறந்து, "தைலம் நாறுது" என்றாள்.

"பார்த்தீங்களா, தைலம் வேலை செய்யுது!" என்றார் தேவசகாயம். தலைகீழாகத் தூக்கியவர் சும்மா இருப்பாரா? சண்டை மூண்டது.

பெர்னதெத் அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. "சண்டை எதுக்கு? எது வேலை செய்யுதுன்னு கண்டுபிடிக்கத்தானே ஆராய்ச்சி. முதல்ல என்னோட ரெண்டு மருந்து, அப்புறம் உங்களோடது!"

பத்து நிமிடத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். முத்தரசி கடைசியாக வந்தாள். "எல்லாரும் தெரியும், தெரியும்னாங்க. தெரியலன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். குழலியைச் சேர்த்துக்கங்க" என்றாள். பெர்னதெத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

படிவங்களை மருந்தன் படித்துச் சொன்னது. "டாக்டர், ஊர் முழுக்கச் சம்மதம். ஆனால் முத்தரசியின் படிவம் நீங்கலாக ஒவ்வொன்றிலும் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: என் பிள்ளையைத் தவிர. முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளில் நமக்குக் கிடைத்தது ஒன்று."

மறுநாள் காலை பள்ளி வாசலில் ஒரே தைல நாற்றம். முந்தின மாலையே தேவசகாயம் எல்லா வீட்டுக்கும் செய்தி அனுப்பியிருந்தார்: "ஊர்க் கூட்டத்தில் நிரூபிக்கப்பட்டது. தினமும் காலையில் நெஞ்சில் தடவவும். அனைவருக்கும் பகிரவும்." செய்முறையும் இருந்தது. முத்தரசியைத் தவிர எல்லோரும் காய்ச்சினார்கள், தடவினார்கள், பகிர்ந்தார்கள். அந்த நெடியை விஷவாயு என்று எண்ணிய கதவு, ஊதியவர்களுக்கெல்லாம் சிவப்பையே காட்டியது. குழலிக்கு மட்டும் பச்சை.

மருந்தன் யாரைத் தூக்குவது என்று விழிப்பதற்குள், விடுமுறை கிடைத்த குஷியில் முந்நூற்றுப் பதினோரு பிள்ளைகளும் வீட்டுக்கு ஓடினார்கள். மருந்தன் பெர்னதெத் பக்கம் திரும்பியது.

"நம் ஆராய்ச்சியில் ஒரு பிள்ளைதானே, டாக்டர்? மீதி முந்நூற்றுப் பதினோரு பேரும் யாருடைய ஆராய்ச்சியில்?"