கேரியர் இல்லாத சைக்கிள்

"ஒரு மைலு தூரம் ஒரு அம்மாவை டபுள்ஸ் வெச்சு மிதிச்சுட்டு வந்துட்டனுங்க மாப்ள. பூ மாதிரி உக்காந்திருக்காங்க. பாரமே தெரியலீங்க!"

பனிமூட்டத்துக்குள்ளிருந்து வெளிப்பட்ட திருமூர்த்தி இப்படித்தான் அறிவித்தார். அவர் ஏறியிருந்தது மலைப்பாதைச் சைக்கிள். அதற்குக் கேரியர் கிடையாது. சீட்டுக்குப் பின்னால் இருந்ததெல்லாம் கொஞ்சம் காற்று, அதற்கும் பின்னால் கலிபோர்னியா.

முன்னால் வந்து சைக்கிளோடு காத்திருந்த ரஞ்சித்குமார் வாய்விட்டுச் சிரித்தான். மாமனார் வாயைத் திறந்தால் சிரிப்பதற்குக் கல்யாணமான நாளிலிருந்தே பழகியிருந்தான். பொள்ளாச்சி மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற அந்த மனிதர், வால்பாறை மலையில் ஓர் எருமைக் கன்றையும், அது அழுததால் அதன் தாயையும், ஒரே சைக்கிளில் ஏற்றிப் போனவர். அறுந்து தொங்கிய மின்கம்பியைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டுக் கிராமங்களுக்கு வெளிச்சம் கொடுத்தவர். சான் பிரான்சிஸ்கோவில் விமானம் தரை தெரியாமல் திணறியபோது ஜன்னலோர சீட்டிலிருந்து கைகாட்டி இறக்கிவிட்டவர். அவர் பேச்சை நம்பியவர்கள் மகள் வீடு இருந்த பிளசன்டனில் யாருமில்லை. பாதியில் எழுந்து போனவர்களும் யாருமில்லை.

"சரி மாமா, அந்த அம்மாவை எங்க ட்ராப் பண்ணீங்க?"

"எறங்குனாத்தானுங்களே?" கட்டைவிரலால் முதுகுப் பக்கம் காட்டினார். "கூடையோட நடந்து போயிட்டிருந்தாங்க. நமக்கு இந்த ஊர் பாஷை வருமுங்களா? சீட்டைத் தட்டிக் காட்டி, ஏறிக்கங்க தாயின்னேன். ஏறிக்கிட்டாங்க. சுமையோட நடக்கறவங்களைத் தாண்டிப் போறதுக்கு எனக்குக் காலு வராதுங்க."

"முகம் எப்படி இருந்துச்சு?"

"இந்தப் பனியில மூஞ்சி எங்கீங்க தெரியுது?"

ரஞ்சித்குமார் இன்னொரு தடவை சிரிக்கப் போனான். அப்போதுதான் அந்தப் பின்சக்கரம் கண்ணில் பட்டது. காலையில் கராஜில் அவனே காற்றடித்த டயர். கல் மாதிரி இருந்ததைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத்தான் காரின் பின்னால் மாட்டினான். இப்போது ரிம் வரை நசுங்கியிருந்தது. அவனுடைய டயர் சரளையில் ஒரு கீறல்கூடப் போடாமல் வந்திருக்க, மாமனாருடைய டயர் கற்களை இரண்டு பக்கமும் ஒதுக்கி, ஈரமண் தெரிய ஒரு சால் உழுதிருந்தது. அந்தச் சால் நேராகப் பின்னால் ஓடிப் பனிக்குள் மறைந்தது.

பஞ்சராக இருக்கும் என்று எண்ணிக்கொண்டான். பஞ்சர் மண்ணை உழாது என்பதை அப்போது எண்ணவில்லை.

தொண்ணூற்றெட்டு அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை. ஹீல்ட்ஸ்பர்க் ஊருக்குக் கீழே ரஷ்யன் ரிவர் என்ற ஆற்றை ஒட்டிப் போகும் சரளைப் பாதை. இடப்பக்கம் ஆறு, சத்தம் மட்டும்தான், தண்ணீர் தெரியவில்லை. வலப்பக்கம் பறித்து முடித்த திராட்சைத் தோட்டம், வரிசைக்குப் பின் வரிசையாக மஞ்சள் இலைகளோடு பனிக்குள் போய்க்கொண்டே இருந்தது. பத்து மணிக்குள் பனி விலகிவிடும் என்று பெட்ரோல் போட்ட கேஸ் ஸ்டேஷனில் சொன்னார்கள். பத்தும் ஆயிற்று, பதினொன்றும் ஆயிற்று. இவர்களை இறக்கிவிட்ட அவன் மனைவி ஸ்வர்ணா, ஒரு வயது மகள் வெண்பாவோடு, பாதை முடியும் பழைய இரும்புப் பாலத்தில் காரை நிறுத்திக் காத்திருந்தாள். கிளம்பும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "அப்பாவுக்கு ஆஞ்சியோ பண்ணி ஒரு வருஷம்கூட ஆகல. மூச்சு வாங்கினா உடனே நிறுத்திருங்க. விசிட்டர் இன்சூரன்ஸ்ல இதெல்லாம் கவர் ஆகாது. அப்பாவை எனக்கு முழுசாக் கொண்டுவந்து குடுங்க."

முழுசாக. அந்த வார்த்தையைத் தலைக்குள் வைத்துக்கொண்டு அவன் மாமனாருக்குப் பின்னால் மிதித்தான். கல் நொறுங்கும் சத்தம், செயின் உராயும் சத்தம், எங்கோ தொட்டியில் புளித்துப் பொங்கும் திராட்சைச் சாற்றின் இனிப்பும் அழுகலும் கலந்த வாசனை, அந்த வாசனை போகப் போகக் குறைவதற்குப் பதில், யாரோ அதைக் கூடையில் வைத்து முன்னால் கொண்டுபோகிறார்கள் என்பது போல, மாமனாரின் முதுகிலிருந்தே வந்து அவன் முகத்தில் மோதியது.

திருமூர்த்தி பேசிக்கொண்டே போனார். அவனோடு அல்ல. கழுத்தைச் சற்றே திருப்பி, "இருங்க தாயி, பாலம் வந்துரும். அங்க நம்ம புள்ள காரு வெச்சிருக்குது. எங்க போகோணும்னு சொன்னீங்கன்னா கொண்டுபோய் விட்டுருவோம்" என்றார். நல்ல நடிப்பு என்று அவன் நினைத்தான். மனிதர் சினிமாவுக்குப் போயிருக்கலாம்.

"மாமா, போதும். விட்ருங்க அந்தக் கதையை."

"கதைங்களா?" என்று அவர் சிரித்தார். சிரிப்பின் கடைசியில் ஓர் இழுப்பு இருந்தது. "லேசாக் கனக்குதுங்க மாப்ள, இப்ப."

அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

ஆஞ்சியோ மேசையில் படுத்துக்கொண்டு டாக்டருக்கே எருமைக் கதை சொன்ன மனிதர் அவர். தூக்கத்திலும் ஏதாவது சொல்வார். அந்த வாய் மூடிக்கொண்டது. சமதளப் பாதையில், மேடே இல்லாத பாதையில், அவர் சீட்டைவிட்டு எழுந்து நின்று, மலையேறுபவர் போல ஒவ்வொரு பெடலையும் உடம்பின் மொத்த எடையால் அழுத்திக்கொண்டிருந்தார்.

அந்த மௌனத்தில்தான் இன்னொரு சத்தம் கேட்டது.

தூ.

சின்னதாக. நாக்கு நுனியிலிருந்து. ஏதோ ஒன்று அவன் ஹேண்டில்பாரில் பட்டுத் தெறித்தது. குனிந்து பார்த்தான். திராட்சை விதை. ஈரமாக இருந்தது. வீட்டில் வாங்குவதெல்லாம் விதையில்லாத திராட்சை. மாமனார் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் அசையவில்லை.

தூ.

இது அவன் கன்னத்தில் பட்டது. குளிர்ந்திருந்தது.

"மாமா! நிறுத்துங்க!"

"நிறுத்த முடியலீங்க." குரல் தேய்ந்து வந்தது. "நிறுத்துனா இறுக்குதுங்க."

அவன் வேகமாக மிதித்துப் பக்கத்தில் போனான். மாமனார் அணிந்திருந்தது ஸ்வர்ணா வாங்கிக் கொடுத்த நீல ஜாக்கெட். காற்று புகுந்து மார்பிலும் முதுகிலும் பலூன் மாதிரி உப்பியிருந்தது. இடுப்பில் மட்டும் உப்பவில்லை. இடுப்பைச் சுற்றி, முன்பக்கம் தொப்புளுக்கு மேல் வந்து சேரும்படி, இரண்டு கை அகலத்துக்குத் துணி உள்ளே அமுங்கியிருந்தது. பயந்த பிள்ளை பின்னாலிருந்து கட்டிக்கொள்ளுமே, அப்படி.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமாயிற்று.

பிரேக் பிடித்தான். தன் சைக்கிளைத் தரையில் போட்டான். ஓடிப்போய் மாமனாரின் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினான். அவர் கண்கள் பிதுங்கின. வாய் திறந்து மீன் போல மூடியது. சீட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினான். ஒன்றுமில்லை. குளிர்தான். நிலவறைக் கதவைத் திறந்தால் வரும் குளிர். அவர் அக்குள்களில் கை கொடுத்துத் தூக்கினான். ஐம்பத்தைந்து கிலோ மனிதர், அசையவில்லை. ஓர் அங்குலம்கூட. உள்ளே ஏதோ நெறிந்தது.

"வேண்டாம்… மிதிக்கறனுங்க… மிதிச்சா விடுது…"

விட்டான். அவர் மிதித்தார். சக்கரம் நான்கு சுற்றுப் போனது. மூச்சு ஒரு கீற்று உள்ளே போனது. மறுபடி நின்றது.

செல்போனை எடுத்தான். சிக்னல் இல்லை. "ஹெல்ப்!" என்று கத்தினான். தோட்டம் அதை வாங்கி வைத்துக்கொண்டது. "யாராச்சும் இருக்கீங்களா?" என்று தமிழில் கத்தினான். அப்படிக் கத்தியது அவனுக்கே உறைக்கவில்லை. பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தான். பாறையைத் தள்ளுவது போலிருந்தது. சக்கரம் சரளைக்குள் பாதி புதைந்துவிட்டது. மாமனாரின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. காது மடல்களும்.

"மாப்ள," என்றார். "புள்ளைகிட்ட… பயந்துக்க வேண்டாம்னு…"

அந்த மனிதர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு அவன் கேட்டதே இல்லை.

கூப்பிட்டதால் ஏறியது. அவனுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. கூப்பிட்டதால் ஏறியது என்றால்.

அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் நம்பியதாகிவிடும். கம்ப்யூட்டர் படித்த வாய். மாமனார் கதை சொல்லும்போதெல்லாம் ஸ்வர்ணாவைப் பார்த்துக் கண்ணடித்த ஆள் அவன். அவன் தரையில் கிடந்த சைக்கிளை நிமிர்த்தி ஏறினான். திரும்பிப் பார்க்காமல், கையால் தன் சீட்டின் பின்பக்கத்தைத் தட்டினான்.

"இங்க வாங்க. அவரை விட்ருங்க. என் வண்டில ஏறிக்கங்க."

ஆற்றுச் சத்தம் நின்றது போலிருந்தது.

மாமனாரின் ஜாக்கெட் இடுப்பில் 'புஸ்' என்று உப்பியது. அவர் ஹேண்டில்பார் மீது கவிழ்ந்து, நீரிலிருந்து வெளிவந்தவர் போல மூச்சை இழுத்தார்.

ரஞ்சித்குமாரின் வயிற்றைச் சுற்றி இரண்டு கைகள் வந்து கோத்துக்கொண்டன.

பூ மாதிரி இருந்தது. பாரமே தெரியவில்லை. மாமனார் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு விஷயத்தைக் கூட்டாமல் சொல்லியிருந்தார்.

"மாமா, போங்க. முன்னால போங்க. கார்ல உக்காந்து கதவைச் சாத்திக்கங்க. திரும்பிப் பாக்காதீங்க."

"மாப்ள—"

"போங்க!"

அவர் போனார். வெற்றுச் சைக்கிள் தானாகவே உருள்வது போல லேசாக உருண்டார், பனி அவரை விழுங்கியது. அவன் மெல்லப் பின்தொடர்ந்தான். மாமனார் காருக்குள் ஏறுவதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். வந்த வழியே, தோட்டத்துக்குள், எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் இதைக் கொண்டுபோய்விட வேண்டும். அதற்கப்புறம் என்ன என்று அவனிடம் திட்டமில்லை.

பாரம் ஏறியது. முதலில் ஒரு பள்ளிக்கூடப் பை அளவு. பிறகு ஓர் ஆள். பிறகு ஓர் ஆளுக்கும் மேல். முதுகில் ஒரு கன்னம் வந்து ஒட்டியது. ஈரமாக. அது மென்றது. மெல்லுவது அவன் எலும்புக்குள் கேட்டது.

தூ.

பிடரியில்.

பாலம் தெரிந்தது. கார். பின்சீட்டில் சாய்ந்து கிடந்த நீல ஜாக்கெட். உயிரோடு. மார்பு ஏறி இறங்கியது. முழுசாக. போதும். அவன் ஹேண்டில்பாரைத் திருப்பினான். சக்கரம் திரும்பவில்லை. சரளைக்குள் புதைந்து நின்றுவிட்டது. நின்றதும் கைகள் இறுகின.

ஸ்வர்ணா, வெண்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க, அப்பாவுக்கு மூச்சே விட முடியல. அப்பவும் யாரையோ டபுள்ஸ் ஏத்துனேன்னு ரீல் விடறார். ஹாஸ்பிடல் போகணும், சீக்கிரம் வாங்க. ஏன் அங்கயே நிக்கறீங்க?"

"கிட்ட… வராத."

"என்னது?"

"கார்ல… ஏறு. டிரைவ் பண்ணு."

"விளையாடற நேரமா ரஞ்சித் இது?" இன்னும் பக்கத்தில் வந்தாள்.

வெண்பா அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே, கொஞ்சம் பின்னால் பார்த்தாள். அங்கே யாரோ முகத்தைக் கோணி வேடிக்கை காட்டியது போலச் சிரித்தாள். கையை நீட்டினாள். பிஞ்சு விரல்கள் நான்கையும் மடக்கி விரித்தாள்.

அவன் கத்தப் பார்த்தான். நுரையீரலில் கத்தக் காற்றில்லை.

"வா," என்றாள் வெண்பா.

கைகள் விட்டன. டயர் துள்ளி எழுந்தது. காற்று அவன் மார்புக்குள் வெள்ளமாகப் பாய்ந்தது. அவ்வளவு சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை அவன் வெறுத்தான்.

ஸ்வர்ணா தடுமாறினாள். குழந்தையை இடுப்பு மாற்றினாள். பிறகு இரண்டு கைகளாலும் பிடித்தாள்.

"என்னங்க… இவ ஏன் திடீர்னு இப்படிக் கனக்கறா?"

சைக்கிளைத் தள்ளிவிட்டு ஓடினான். குழந்தையின் கால்களுக்கு அடியில் கை கொடுத்துத் தாங்கினான். "என்கிட்ட வா. என் மேல ஏறிக்கோ. வா, வந்துரு, வந்துரு" என்று அவள் தலைக்குப் பின்னாலிருந்த வெறும் பனியைப் பார்த்துக் கெஞ்சினான். அது வரவில்லை. அது இனி எங்கும் போக வேண்டியதில்லை. வந்து சேர்ந்துவிட்டது.

நான்கு கைகளும் கீழே இறங்கிக்கொண்டே போயின. ஸ்வர்ணாவின் முழங்கால்கள் சரளையில் பட்டன. புதைந்தன. வெண்பா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அப்பா சும்மாதான சொன்னார்?" ஸ்வர்ணாவின் குரல் உடைந்தது. "எப்பவும் விடற கதைதான? நீங்கதான் அதையெல்லாம் நம்பவே மாட்டீங்களே. சொல்லுங்க ரஞ்சித். கதைதான?"

"இல்ல ஸ்வர்ணா," என்றான். "நடந்துச்சு."