சாமக் கதவின் கடைசி நான்கு இதழ்கள்

"அடுத்தவங்க படத்துக்கு என் வீட்டுக்காரர் தன் பேரைப் போட்டுக்கிட்டாரா, இல்லையா? அது மட்டும் தெரிஞ்சா போதும்" என்று ஐரின் டீச்சர் ஒரு காகிதக் கட்டை மேசைமேல் வைத்தார்.

எரிக் அதைப் பிரிக்காமல் முதலில் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். காவல்துறையில் ஆவணங்களைச் சோதித்து ஓய்வு பெற்றவர். டீச்சரை மந்தைவெளியில் எரிக்கின் வீட்டுக்கு அழைத்து வந்த ஆட்டோக்காரர் டெரன்ஸும் போகாமல் உட்கார்ந்துவிட்டார்.

'சாமக் கதவு' எண்பதுகளின் தொடக்கத்தில் ராயப்பேட்டையிலிருந்து வந்த பேய்க்கதைச் சித்திர மாத இதழ். இதழுக்கு மூன்று கதைகள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் கூனன் என்ற கிழவன் கதவைத் திறந்து வாசகரை உள்ளே அழைப்பான். முப்பத்திரண்டு இதழ்களிலும் ஓவியர் லூயிஸ் என்றே அச்சாகியிருந்தது. ஐரினின் கணவரான லூயிஸ் இறந்து எட்டு மாதம் ஆகிறது. பதிப்பாளர் இனாயத்தின் மகள் ஷகீலா இப்போது எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகக் கொண்டுவருகிறார். கடைசி நான்கு இதழ்களை லூயிஸ் வரையவில்லை என்று இனாயத் சாகுமுன் சொன்னாராம். வரைந்தது யார் என்று சொல்லவில்லை. அந்த நான்கைப் பற்றிக் கேட்டால் லூயிஸ் பேச்சை மாற்றிவிடுவார் என்றார் ஐரின். அவர்கள் திருமணம் அந்த இதழ்கள் வந்ததற்கு அடுத்த ஆண்டு நடந்தது.

கட்டில் இருந்தவை லூயிஸ் பாதுகாத்த அசல் பக்கங்கள். இருபதாம் இதழின் பக்கங்களில் பொடிப்பொடி ஓட்டைகள்.

"பூச்சி சார். எங்க ஊட்ல பைபிளையே துன்னுட்ச்சு" என்றார் டெரன்ஸ்.

எரிக் ஒரு பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கூனன் புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தான்.

"கூனனை மட்டும், கோட்டு மேலேயே, ஒரே இடைவெளி விட்டுத் தின்ன பூச்சி."

கடைசி இதழின் பக்கங்களில் ஓட்டை இல்லை. மைக்கு அடியில் நீலப் பொடி தெரிந்தது.

மறுநாள் மூவரும் கட்டை எடுத்துக்கொண்டு ஷகீலாவின் வீட்டுக்குப் போனார்கள். இனாயத்தின் மனைவி அஸ்மத்துன்னிசா ஜன்னலோரம் மரச்சட்டத்தில் துணி கட்டி ஆரிப் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தார். பூவை எப்படித் துணிக்கு மாற்றுவீர்கள் என்று எரிக் சாதாரணமாகக் கேட்டார்.

"தாள்ல வரைஞ்சு, கோட்டு மேல ஊசியால குத்தி, துணி மேல வெச்சு நீலப்பொடி தேய்ச்சா, ஓட்டை வழியா கீழ இறங்கி..." அவர் கை நின்றது.

"லூயிஸுக்குத் தன் கூனனைத் துளை போட்டு நகலெடுக்க வேண்டியதில்லை" என்றார் எரிக். "வேற ஒருத்தருக்குத்தான் அது தேவை. ஆனா துளை போட்ட தாள் லூயிஸ் பெட்டியில இருந்தது. அவரே கொடுத்திருக்கார், அவரே திரும்ப வாங்கி வெச்சிருக்கார். ஏமாத்தறவர் அதைக் கிழிச்சுப் போட்டிருப்பார்."

"நீங்களா அம்மீ?" என்றார் ஷகீலா.

அஸ்மத்துன்னிசா மெல்லச் சொன்னார். லூயிஸ் டைபாய்டில் நான்கு மாதம் படுத்துவிட்டார். இதழ் நிற்காமலிருக்க அந்த நான்கையும் அஸ்மத்துன்னிசா வரைந்தார். வீட்டு மருமகள் பேய்ப்படம் போடுவது வெளியே தெரிந்தால் மாமியார் விடமாட்டார்.

"அதனால லூயிஸ் பேர்லயே போடச் சொன்னேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு இவ அப்பாகிட்டயும் லூயிஸ்கிட்டயும் சத்தியம் வாங்கினேன். கட்டிக்கப் போறவங்ககிட்டக்கூட சொல்லமாட்டார்னு நெனைக்கல."

"இத்தினி வருசமா ஒரு அம்மா போட்ட பேய்க்கா பயந்துகினு கீறேன்" என்றார் டெரன்ஸ்.

ஐரின் ஷகீலாவின் பக்கம் திரும்பினார். அந்த நான்கு இதழ்களுக்கும் உங்கள் அம்மா பெயரையே போடுங்கள் என்றார்.

"அதுல ஒண்ணு மட்டும் லூயிஸ் பேர்லயே இருக்கணும்" என்றார் அஸ்மத்துன்னிசா. "கடைசிக் கதையில தாழ்ப்பாள் மேல கூனனோட கை. எனக்கு வரவேயில்ல. காய்ச்சலோட எழுந்து உக்காந்து அதை உங்க வீட்டுக்காரர்தான் போட்டார்."

ஐரின் கைப்பைக்குள் கண்ணாடியைத் தேடினார்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.