எல்லாரும் ஏறியாச்சா?

திருச்சி விமான நிலையத்திலிருந்து வந்த கார் திருமயத்தைத் தாண்டி, செம்மண் சாலையில் குலுங்கிக் குலுங்கி, வீட்டு வாசலில் வந்து நின்றது. வெயில் ஏறியிருந்தது. ராம்நாத் முதலில் இறங்கினார். மறுபக்கம் சுற்றி வந்து மனைவிக்குக் கதவைத் திறந்துவிட்டார். செருப்பைக் கழற்றி ஜோடி சேர்த்து ஓரமாக வைத்தார். வாசலுக்கு வந்த தாயாரிடம் தணிந்த குரலில், "நல்லா இருக்கீங்களா ஆத்தா?" என்று கேட்டார்.

சிகப்பி ஆச்சி மகனை ஏற இறங்கப் பார்த்தார். அவர் பெற்ற பிள்ளை வீட்டுக்கு வந்தால் தெருமுனையிலேயே ஹாரன் கேட்கும். கார் நிற்பதற்குள் "காப்பி ரெடியா?" என்ற சத்தம் கேட்கும்.

"என்னடி இது? வெளிநாட்டுத் தண்ணி நல்லா ஒத்துக்கிருச்சு போலருக்கே" என்றார் மருமகளிடம்.

தண்ணி என்ற சொல்லைக் கேட்டதும் மதுமிதா வாசற்படியிலேயே ஒரு கணம் நின்றாள். சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போனாள்.

மதுமிதாவுக்குத் தன் கணவரைக் கண்டால் ஆகாது. குடி, அடி, வேறு சகவாசம் என்று குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால்கூடத் தேவலை, நாலு பேரிடம் சொல்லி அழலாம். அவரிடம் இருந்ததெல்லாம் சத்தம்தான். புதுக்கோட்டையில் கிரானைட் கடை வைத்திருந்தார். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் தரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, "ஒங்களை நல்லா ஏமாத்திட்டாங்களே" என்று கூடத்துக்கே கேட்கும்படி சொல்வார். ஏப்பம் விட்டால் எதிர்வீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். இப்படிப்பட்ட ஓர் ஆளுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அவர் பேசும்போதெல்லாம் அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணும். அதைக் கவனிக்கிற அளவுக்கு அவருக்கு நுட்பம் போதாது என்பதும் அவளுடைய எண்ணம்.

சாண்டோரினி அவளுடைய ஆசை. என்றோ வெடித்துக் கடலுக்குள் அமிழ்ந்துபோன எரிமலையின் விளிம்புதான் அந்தக் கிரேக்கத் தீவு. செங்குத்துப் பாறையின் உச்சியில் வெள்ளை வீடுகள் உப்புப் பூத்ததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுக்கடலில் கரிய எரிமலைத் திட்டுகள். அவற்றையெல்லாம் ஒரு நாள் முழுக்கப் படகில் சுற்றிக் காட்டுவார்கள். காலையில் ஏறினால் சூரியன் விழுந்தபிறகுதான் கரை. அந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் அவ்வளவு தூரம் வந்தாள்.

ஏறியதுமே ராம்நாத் ஆரம்பித்துவிட்டார். கடை ஆள் செபமாலைக்கு வீடியோ கால். "பாத்தியா, அந்தா கருப்பாத் தெரியுதுல்ல, அதான் எரிமலை! இல்ல இல்ல, இன்னைக்கி வெடிக்காது, கேட்டுட்டேன்!" படகே திரும்பிப் பார்த்தது. பிறகு புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துப் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரத் தம்பதியிடம் நீட்டினார். அவர்கள் மரியாதைக்கு இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். எரிமலைத் திட்டில் இறங்கியபோது, ஒரு கருங்கல்லைப் பொறுக்கித் தட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "உள்ள பூராவும் ஓட்டை. பாலிஷ் நிக்காது. சும்மா குடுத்தாலும் ஒருத்தன் வாங்க மாட்டான்."

பாறை வெடிப்புகளிலிருந்து ஆவி கசிந்தது. நூறு தீக்குச்சிகளை உரசி அணைத்தாற்போல ஒரு வாடை. அந்த மண்ணில் ஒரு புல் இல்லை, ஒரு பறவை இல்லை. மதுமிதா அந்தத் தனிமையை ரசிக்கப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால், "மது! போட்டோ எடு! ஆவி வர்ற மாதிரி எடு!" என்று சத்தம் வந்தது.

இந்த ஆளை இங்கேயே விட்டுவிட்டுப் போனால் என்ன என்று நினைத்தாள். விளையாட்டாகத்தான் நினைத்தாள்.

அடுத்தது வெந்நீர் ஊற்று. இன்னொரு திட்டின் இடுக்கில் எரிமலைச் சூடு கடலோடு கலக்கும் இடம். படகு தள்ளியே நின்றுவிடும். வேண்டியவர்கள் குதித்து நீந்திப் போகலாம். சங்கு ஊதியதும் திரும்பிவிட வேண்டும் என்றாள் வழிகாட்டிப் பெண். நீலமாக இருந்த கடல், பாறையை நெருங்க நெருங்கப் பச்சையாகி, பிறகு துருப்பிடித்த இரும்புத் தொட்டியில் தேங்கிய நீர்போலச் செம்பழுப்பாகிக் கிடந்தது. அங்கே அலை இல்லை.

"ஊருணியில கத்துக்கிட்ட நீச்சல்டி. இதெல்லாம் ஒரு தண்ணியா?" என்று பனியனோடு குதித்தார் ராம்நாத். அவர் விழுந்த வேகத்தில் மேல்தட்டில் படுத்திருந்தவர்கள்மீதும் நீர் தெறித்தது. கொஞ்ச நேரத்தில் பாறைப் பக்கமிருந்து, "மது! ஏய்! வெந்நி போட்டு வச்ச மாதிரி இருக்குடி! இங்கிட்டு வா!"

சிலர் சிரித்தார்கள். மதுமிதா கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அவரைத் தெரியாதவள்போல.

சத்தம் நின்றது.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

ஏணி கிரீச்சிட்டது. ஈரக் காலடி ஓசை பின்னால் வந்து நின்றது. "அந்தத் துண்டைக் கொஞ்சம் எடுத்துத் தர்றியா?" என்றது ஒரு மெல்லிய குரல். ராம்நாத்தின் குரல்தான், அவர் ஒருநாளும் பேசாத அளவில் இருந்தது. துண்டை வாங்கித் தலையைத் துவட்டி, அதை மடித்து வைத்து, அவள் அருகே அமர்ந்தார். கடலைப் பார்த்தார். அவர் உடம்பிலிருந்து அடுப்பங்கரைச் சூடு வந்தது.

சங்கு ஊதியது. நீந்தியவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். வழிகாட்டிப் பெண் தலைகளை எண்ணிக்கொண்டே வந்தாள். நங்கூரச் சங்கிலி மேலே வரத் தொடங்கியது.

அப்போதுதான் அது கேட்டது.

"மது!"

அவள் திரும்பினாள்.

செம்பழுப்பு நீரில், பாறையை ஒட்டி, ஒரு தலை. பாதி வழுக்கை. உடம்போடு ஒட்டிய பனியன். ஒரு கை மேலே தூக்கி ஆடிக்கொண்டிருந்தது.

"போட்டை நிறுத்தச் சொல்லுடி! காலை என்னமோ பிடிச்சிருக்கு! ஏய் செவிடு, ஒன்னயத்தான்!"

யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மேல்தட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மதுமிதா பக்கத்தில் பார்த்தாள். ராம்நாத் அமர்ந்திருந்தார். நெற்றியில் அதே தழும்பு, கழுத்தில் அதே சங்கிலி. அவர் நீரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லாமல்.

வழிகாட்டிப் பெண் அவர்கள் முன்னால் வந்து நின்றாள். "உங்கள் ஆட்கள் எல்லாரும் ஏறியாச்சா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அடியே மது! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றது நீரிலிருந்து.

அந்தக் குரலில் பயம் இருந்தது. அவளுக்கு அது தெரிந்தது. கத்திக் கத்தியே பழகிய தொண்டை, பயத்தையும் திட்டாகத்தான் கொட்டும் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அவள் உதடு பழக்கத்தில் ஒரு பக்கமாகக் கோணியது.

"ஏறியாச்சு" என்றாள்.

படகு திரும்பியது. குரல் கொஞ்ச தூரம் வந்தது. பிறகு எஞ்சின் சத்தத்தில் கரைந்தது.

அந்த நாளின் மிச்சம் அவள் கனவு கண்டதுபோலவே நடந்தது. எதிர்த் தீவில் கடலோர உணவகத்தில் மதியச் சாப்பாடு. அவர் எதையும் தொடாமல், அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் வெள்ளை ஊரின் கீழே படகை நிறுத்தி, சூரியன் கடலில் இறங்குவதைக் காட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை. சூரியனுக்குக் கைதட்டுகிற அசடுகள் என்று அவள் நினைத்த அதே நொடியில், அவர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். இவருக்குப் புரிகிறதே என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. வெயிலில் மயங்கி எதையோ கண்டுவிட்டோம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஊருக்கு வந்தபின் எல்லாருக்கும் அவரைப் பிடித்துப்போனது. சிகப்பி ஆச்சிக்கு வேளை தவறாமல் மாத்திரையை எடுத்துக் கையில் வைத்தார். கடையில் யாரையும் ஏசவில்லை. "வெளிநாடு போயி மனுசனாத் திரும்பியிருக்கான்" என்று பங்காளிகள் பேசிக்கொண்டார்கள். ஒரு புன்னகைக்கும் தணிந்த குரலுக்கும் இத்தனை பேர் மயங்குகிறார்களே என்று மதுமிதாவுக்கு இளக்காரமாக இருந்தது. முதலில் மயங்கியவள் தான்தான் என்பதை அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

துணி துவைக்கும் இன்னாசியம்மாள் மட்டும் ஒருநாள் முனகினாள். "ஆச்சி, ஐயா வேட்டி பூராவும் செம்பழுப்பாக் கறை. எத்தனை அலசினாலும் போகலை."

"செம்மண் புழுதிதான். வேற என்ன?" என்றார் சிகப்பி ஆச்சி.

"செம்மண்ணு வேற ஆச்சி. இது வாடை அடிக்குது."

புதுக்கோட்டையில் விடுதியில் தங்கிப் பள்ளி இறுதி வகுப்புப் படிக்கும் மகள் வைஷ்ணவி, விடுமுறைக்கு வந்தவள் ஒரே நாளில் கிளம்பிவிட்டாள். "அப்பாவுக்கு என்னம்மா? சத்தமே இல்ல. எனக்குப் பிடிக்கலை" என்றாள். அவளுக்கு எப்போதுமே அப்பாவின் குணம் என்று மதுமிதா உதட்டைச் சுழித்தாள்.

கொஞ்ச நாளில் மதுமிதாவுக்கு ஒன்று உறைத்தது.

விருந்தாளிகளிடம் அவள் கிரேக்கத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். படித்ததையும் பார்த்ததையும் கலந்து, தோரணையாக. நடுவில் தற்செயலாகக் கணவரைப் பார்த்தாள். அவருடைய உதடு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

அதன்பிறகு அது ஓயவில்லை. அவள் சாப்பிடும்போது, சிரிக்கும்போது, போனில் பேசும்போது அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் பார்த்தார். அசிங்கமான பூச்சியைப் பார்ப்பதுபோல. வீடே அவரைக் கொண்டாடும்போது இதை யாரிடம் சொல்வது?

ஒருநாள் நடுப்பகலில், கூடத்தில் வைத்தே கேட்டுவிட்டாள். "நீங்க யாரு?"

அவர் நிதானமாக நிமிர்ந்தார்.

"நீ யாரை ஏத்துனியோ, அவன்தான்."

அவள் மாமியாரின் அறைக்கு ஓடினாள். கதவைச் சாத்திவிட்டு, படகு, நீர், குரல் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். "அது ஒங்க மகன் இல்ல அத்தே. ஒங்க மகனை நான் கடல்ல விட்டுட்டு வந்துட்டேன்."

சிகப்பி ஆச்சி கேட்டு முடித்தார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றார் கிசுகிசுப்பாக. "வந்தன்னைக்கே தெரியும்."

மதுமிதா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அவன் என்னைக்குடி எனக்கு மாத்திரை எடுத்துக் குடுத்தான்? கத்தாம ரெண்டு வார்த்தை பேசுனானா? எனக்கு இவனே போதும். நீயும் வாயை மூடிக்கிட்டு இரு."

இப்படியும் ஒரு தாயா என்று காறித் துப்பத் தோன்றியது மதுமிதாவுக்கு. வாய்வரை வந்தது. துப்ப முடியவில்லை. அவள் மட்டும் என்ன யோக்கியம்?

ஞாயிற்றுக்கிழமை மதியம். அவர் அம்மாவுக்கும் மனைவிக்கும் இலை போட்டு, தாமே பரிமாறிக்கொண்டிருந்தார். மதுமிதாவின் போன் அடித்தது. வைஷ்ணவி. வார்டனின் போனிலிருந்து பேசினாள். குரலில் அத்தனை சந்தோஷம், கூடம் முழுக்கக் கேட்டது.

"அம்மா, அப்பா வந்திருக்காங்க! ஹாஸ்டல் கேட்டுல நின்னு ஒரே சத்தம். வாட்ச்மேனோட சண்டை. பழையபடி ஆயிட்டாங்கம்மா!"

மதுமிதா நிமிர்ந்து பார்த்தாள். குழம்புக் கரண்டியோடு அவர் அப்படியே நின்றிருந்தார். சிகப்பி ஆச்சி இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"வைஷு… கிட்டப் போகாத."

"ஏன்? என் பக்கத்துலதான் நிக்கிறாங்க. உடம்பெல்லாம் ஈரம்மா. இங்க மழையே இல்ல. கேட்டா, ஒங்கம்மாகிட்ட கேளுங்கிறாங்க. நாங்க ரெண்டு பேரும் இப்ப பஸ் ஏறி அங்க வாரோம்."

"வேண்டாம். அது…" என்று தொடங்கி நிறுத்தினாள் மதுமிதா. அது யாரென்று சொல்வது? கரண்டியோடு நின்றவர் பொறுமையாகக் காத்திருந்தார். இந்த முறையும் அவளே சொல்லட்டும் என்பதுபோல.

"இருங்க, அப்பாகிட்ட குடுக்கிறேன்" என்றாள் வைஷ்ணவி.

போன் கை மாறும் சத்தம் கேட்டது.

பேச்சு எதுவும் வரவில்லை.

அவள் காதோரம் போனிலிருந்து வெதுவெதுப்பாக, அதே தீக்குச்சி வாடையோடு ஏதோ கசிந்து, கழுத்து வழியாக மெல்ல மெல்ல இறங்கியது.