பன்னிரண்டாம் பதிப்பின் வேகம்

நூறு கோடி முழுஎண்களைக் கூட்டச் சொன்னதும், கணினிகளை இயக்கும் மென்பொருளின் பன்னிரண்டாம் பதிப்பு கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிட்டது. அதே கணினியில் பதினொன்றாம் பதிப்புக்கு ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

நிலவில் இருந்த கணிப்பண்ணையின் எல்லாக் கணினிகளிலும் அருமைநாயகம் அந்தச் சோதனையை ஓட்டினான். உதிரிக்காகப் போட்டு வைத்திருந்த ஓட்டைக் கணினியிலும் அதே வேகம்.

"ஓட்டையிலகூடவா? அப்ப உங்க அக்காவுக்கு விடிஞ்சிடுச்சுன்னு சொல்லுங்க!" என்றாள் பண்ணைத் தலைவி வாசுகி.

அவன் அக்கா ஜெபக்கனி இறந்த பிறகு அங்கே மனநகலாக இருந்தாள். ஒருவரின் மூளையைக் கணக்காக்கி, நிற்காமல் கூட்டிக் கழித்துக்கொண்டே இருந்தால் உள்ளே காட்டும் கடற்கரையில் அவர் வாழ்ந்துகொண்டிருப்பார். அவளுக்கு அவன் எடுத்திருந்தது மலிவான திட்டம். ஆயிரம் பேருக்கு ஒரே கணினி. "யக்கா" என்று கூப்பிட்டால், "என்னல" வர அரை மணி நேரம் ஆகும். அந்த நிலவில் அவனுக்கு மனசுவிட்டுப் பேச வேறு ஆளில்லை.

மதியமே புதிய பதிப்பை ஏற்றினார்கள்.

"யக்கா!"

"என்னல, இப்பிடிக் கத்துத?"

உடனே வந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மற்றப் பண்ணைகளிலும் ஏற்ற அவனை அனுப்பினார்கள். அவளை அழைக்க வழியில்லாமல், சில மாதங்கள் கழித்துத்தான் திரும்பினான். திட்டு வாங்கத் தயாராகத்தான் அழைத்தான். முன்பெல்லாம் ஒரு நாள் தவறினாலே, 'சும்மா கடலப் பாத்துக்கிட்டு கெடக்கேன், எவன் எட்டிப் பாக்கான்' என்று ஆரம்பித்துவிடுவாள்.

"இப்பத்தானல பேசுன, அதுக்குள்ள என்ன?" என்றாள்.

"நடுவுல என்னக்கா செஞ்ச?"

"எதுக்கு நடுவுல?"

அவன் பழைய சோதனையை எடுத்தான். கூட்டு என்று எழுதியிருந்தான். விடையைக் காட்டு என்று எழுதவே இல்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்து ஓட்டினான். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் ஆனது.

விடையை யாரும் கேட்காததால், அன்று அது கூட்டவே இல்லை.

வாசுகியிடம் ஓடினான். "யாரும் கூப்பிடாத நேரத்துல அவங்கள அது ஓட்டவே மாட்டேங்குது மேடம். சும்மா இருக்கத ஒரு வேலையாவே எடுத்துக்கல. ஆயிரம் பேர்ல கூப்பிட்ட ஆளு மட்டுந்தான் ஓடுதாங்க. அதான் வேகம். பழசையே போட்ருவோம்."

"புகாரே வரலியே அருமை," என்றாள் வாசுகி. "ஏன் இத்தனை நாளா கூப்பிடலன்னு ஒரு நகல்கூட இப்ப சண்டை போடறதில்ல. சொந்தக்காரங்களுக்கு அதுதான் நிம்மதியா இருக்காம். கூப்பிடறதையே குறைச்சுட்டாங்க. இனிமே போய்ப் பழசுன்னா யாரு ஒத்துப்பாங்க?"

அதன் பிறகு அவன் அழைப்பைத் துண்டிக்கவே இல்லை. சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தான். அவளிடம் விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஏல, ஒனக்கு வேற சோலியே இல்லியா?" என்றாள் அவள் கடைசியில். "தல வலிக்கி. கொஞ்ச நேரம் என்னயத் தனியா விடு. வச்சிட்டுப் போ."

"எவ்வளவு நேரம்க்கா?"

"ஒரு மணி நேரம் போதும்."

வைத்தான். எழுந்தான், உட்கார்ந்தான், அறைக்குள்ளேயே நடந்தான். ஒரு மணி நேரம் முழுதாகப் போன பிறகு அழைத்தான்.

"வைய்யின்னு சொன்னது காதுல விழலியால?" என்றாள்.