தொடர்பு: எவரும் இல்லை

மனித குலம் தன் மூச்சுக்குத் தானே பொறுப்பேற்ற நாள் என்று இந்த நாளை வரலாறு குறித்துவைக்கும். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் துணைத் தலைவி மார்லா ஸ்ட்ராஸ், தொற்றுக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கிவைத்த அக்டோபர் மாதத்து வீடியோ கூட்டத்தில் இப்படித்தான் ஆரம்பித்தாள். அப்போது அவளுடைய மைக் அணைந்திருந்தது. நான்கு நிமிடம் உதடு மட்டும் அசைந்தது. துணைத் தலைவியிடம் அதைச் சொல்வது எந்தத் துறையின் வேலை என்று தெரியாததால் நூற்றுப் பன்னிரண்டு பேரும் முகத்தில் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

பொறுப்பேற்றது மனித குலம். வேலை விழுந்தது ரோலண்ட் ஹேகன் தலையில். டுலூத் நகரத்து அலுவலகத்தின் வைஃபை அவன் பராமரிப்பில் இருந்தது; அதை வைத்தே கண்காணிப்பு இயந்திரத்தை அவன் உருவாக்கினான். கூரையில் வரிசையாகப் பதித்த வெள்ளை வட்டுகள், யாருடைய போன் எங்கே இருக்கிறது என்பதை நிமிடத்துக்கு நிமிடம் அறியும். இரண்டு போன்கள் ஆறடிக்குள் பதினைந்து நிமிடம் இருந்தால் அது தொடர்பு. ஒருவருக்குத் தொற்று வந்தால், தொடர்பில் இருந்தவர்கள் பெயரெல்லாம் பட்டியலில் வரும். எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். பட்டியல் தினமும் மாலை ஐந்து மணிக்குத் தானாகவே மார்லாவுக்குப் போய்விடும்.

டிசம்பர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. ரோலண்ட் அன்றைய பட்டியலைத் திறந்தான். அவன் பெயருக்கு எதிரே ஒரு வரி இருந்தது.

தொடர்பு: டார்லீன் கோவாக். ஒரு மணி பத்து நிமிடம்.

அவன் அலுவலகத்துக்கு வந்தே ஒரு மணி பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. டார்லீன் செத்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

அவன் அந்த வரியை அழித்தான். அவள் பெயரை மறைப்பது அவனுக்குப் புதிதல்ல.

டார்லீன் இழப்பீட்டுப் பிரிவில் இருந்தவள். குளிர்காலத்தில் பனிக்காலணியை வாசலில் கழற்றிவிட்டு, மேசைக்கடியில் வைத்திருக்கும் ஊதா நிறக் கம்பளிச் செருப்பை மாட்டிக்கொள்வாள். அவள் நடந்தால் தரையைப் பெருக்குகிற மாதிரி சத்தம் வரும். அக்டோபரில் ரோலண்டின் பிறந்த நாளன்று, கூடிச் சாப்பிடக் கூடாது என்ற சுற்றறிக்கை ஒட்டிய சாப்பாட்டு அறைக் கதவுக்குள்ளேயே, எலுமிச்சை கேக்கோடு காத்திருந்தாள். அவன் தயங்கினான். சுற்றறிக்கையை எழுதியவனே அவன்தான்.

"போனை டிராயர்ல போட்டுட்டு வாப்பா. உன் மெஷினுக்கு மூக்கா இருக்கு, கேக் வாசனை பிடிக்க?"

போன் இரண்டும் அவரவர் டிராயரில் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருக்க, இருவரும் முகக்கவசத்தை இறக்கிவிட்டு முக்கால் மணி நேரம் சாப்பிட்டார்கள், சிரித்தார்கள். அன்று காலையிலிருந்தே ரோலண்டுக்குத் தொண்டை கரகரத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்துத் தொற்று உறுதியானது.

அவனுக்கான பட்டியலை இயந்திரம் தயாரித்தது. தொடர்பு: எவரும் இல்லை. அதற்குக் கீழே, இயந்திரத்துக்குத் தெரியாத பெயர்களைக் கையால் எழுத ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொன்னவனும் ரோலண்ட்தான். எழுதினால், கண்டுபிடித்தவனே தன் இயந்திரத்தை ஏமாற்றினான் என்று ஊருக்குத் தெரியும். நிர்வாகக் குழு திட்டத்தைக் கைகழுவும். மார்லா வாக்களித்த இயக்குநர் பதவியும் போகும். வெறும் கேக்குக்காக. கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினான்.

டார்லீன் இன்னும் ஒன்பது நாள் வேலைக்கு வந்தாள். பிறகு மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கியது.

"லிஸ்ட்ல என் பேரு வரவே இல்லியே, ரோலண்ட். உனக்குத் தெரியும்ல... அன்னிக்கு நாம..."

"லிஸ்ட்ல இல்லன்னா இல்ல, டார்லீன்."

அந்தப் பக்கம் வெகுநேரம் காற்று மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. அவன்தான் முதலில் வைத்தான்.

அவளுடைய அலுவலகப் போனைக் கணவன் திருப்பிக் கொடுத்துவிட்டான். இன்று வரியை அழித்த கையோடு ரோலண்ட் எழுந்துபோய் இரும்பு அலமாரியைத் திறந்து பார்த்தான். அந்தப் போனைப் போட்டுவைத்த பையும் அதன் மேல் ஒட்டிய முத்திரையும் அப்படியே இருந்தன. உள்ளே போன் உயிரில்லாமல் கிடந்தது. திரும்பி வந்து திரையைப் பார்த்தபோது, அழித்த வரி மறுபடி வந்திருந்தது. ஒரு மணி பதினான்கு நிமிடம்.

மதியத்துக்குள் அதை ஒன்பது முறை அழித்தான். ஏரியின் பக்கமிருந்து பனிப்புயல் வருகிறதென்று இரண்டு மணிக்கு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்திருந்தது பதினோரு பேர்தான். மூன்று மணிக்கு அவன் மட்டும் மிஞ்சினான். மார்லா கூப்பிட்டாள். நிர்வாகக் குழு திங்கட்கிழமை பார்க்கப்போகிறது, இன்றைய பட்டியல் குழந்தையின் கன்னம் மாதிரிச் சுத்தமாக இருக்க வேண்டும் என்றாள். அப்படித்தான் இருக்கும் என்றான். பத்தாவது முறை அழித்தான்; இந்த முறை வரி திரும்பி வரவில்லை.

நான்கரைக்கே ஜன்னலில் வெளிச்சம் செத்துவிட்டது. நோய்க்காக முழு வேகத்தில் முடுக்கிவிட்டிருந்த காற்றுக் குழாய்கள் கூரைக்குள் நீளமாக மூச்சு விட, அந்த மூச்சில் மேசைகளுக்கு நடுவே நிறுத்திய பிளாஸ்டிக் தடுப்புகள் ஒன்றையொன்று தட்டிப் பார்த்து அடங்க, கைகழுவும் திரவத்தின் சாராய நெடி எப்போதும்போல மூக்கை அறுத்தது. அதற்கு அடியில், மெலிதாக, இனிப்பாக, எலுமிச்சை. விளக்குகள் ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் அணையும் வகை. அவன் தலைக்கு மேல் இருந்த ஒன்றைத் தவிரத் தளம் முழுக்க இருட்டாகக் கிடந்தது.

சோதனைக்காக வைத்திருந்த டேப்லெட்டில் தளத்தின் வரைபடத்தைத் திறந்தான். அது யார் பெயரிலும் இல்லாதது, எந்தப் பட்டியலிலும் வராதது. வரைபடத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தன. ஒன்று அவன். இன்னொன்று இழப்பீட்டுப் பிரிவில், டார்லீனின் பழைய மேசையில்.

அது நகர்ந்தது.

தளத்தின் கடைசியில் ஒரு விளக்கு எரிந்தது. பிறகு அதற்கு அடுத்தது. அடுத்தது. எரிகிற விளக்குகளுக்குக் கீழே யாரும் இல்லை. ஒரு சத்தம் மட்டும் வந்தது; தரையைப் பெருக்குகிற மாதிரி.

புள்ளி தேடி வருவது அவன் போனைத்தான். ஆளுக்கும் போனுக்கும் உள்ள வித்தியாசம் இயந்திரத்துக்குத் தெரியாது என்பது இந்தக் கட்டடத்திலேயே அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். போனை டிராயரில் போட்டு மூடினான். டேப்லெட்டை எடுத்துக்கொண்டு குனிந்தபடி, சுவரோரமாக ஓடினான். கைக்குக் கிடைத்த கழிவறைக் கதவைத் தள்ளினான். கடைசி அறைக்குள் புகுந்து தாழிட்டு, கழிப்பறை மூடியின் மேல் ஏறிக் குந்தினான்.

அங்கே காற்றுக் குழாயின் சத்தம் இல்லை. தன் முகக்கவசத்துக்குள் தன் மூச்சு போய்வருவது மட்டும் கேட்டது. டேப்லெட்டில் அவளுடைய புள்ளி அவன் மேசைக்கு வந்து நின்றது. அவனுடைய புள்ளியின் மேல் படிந்தது. ஒரு நிமிடம். இரண்டு. எங்கோ தூரத்தில் ஒரு டிராயர் திறக்கும் ஓசை.

ஏமாந்துவிட்டது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டான்.

அப்புறம்தான் நினைவு வந்தது. டிராயர் வித்தையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

டிராயர் மூடியது. புள்ளி திரும்பியது. அவசரமில்லை. பிரிண்டரைத் தாண்டியது. தண்ணீர்க் குழாயைத் தாண்டியது. வெளிக்கதவு முனகியது. கழிவறை விளக்கு எரிந்தது.

பெருக்கும் சத்தம். முதல் அறை. இரண்டாவது. மூன்றாவது.

கதவுக்கு அடியில் ஊதாக் கம்பளி. அதற்கு மேல், பனியில் கிடந்த நிறத்தில், கணுக்கால்.

காற்று இழுத்தது. போனில் கேட்ட அதே இழுப்பு. இப்போது ஆறடிக்குள்.

"பதினஞ்சு நிமிஷம்தானேப்பா," என்றது. "மாஸ்க்கை இறக்கு."

ஒரு காகிதத் தட்டு கதவுக்கு அடியில் மெல்ல உள்ளே வந்தது. எலுமிச்சை கேக், ஒரு துண்டு. பக்கத்தில் பிளாஸ்டிக் முள்கரண்டி. தட்டைப் பிடித்திருந்த விரல்கள் அதை விட்டுவிட்டு, தரையில் துழாவி, கழிப்பறையின் பீங்கானைத் தடவிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கின. கைக்கு முடிவே இல்லை. வந்துகொண்டே இருந்தது. அவனுடைய கை, அவன் சொல்லாமலே, முகக்கவசத்தின் நாடாவை அவிழ்த்தது.

மணி ஐந்து. பட்டியல் தானாகப் போனது. ரோலண்ட் ஹேகன்: நாள் முழுக்கத் தன் மேசையில். தொடர்பு: எவரும் இல்லை.

அவசரத்தில் அவன் நுழைந்திருந்தது பெண்கள் கழிவறை; அவனை அங்கே தேட யாருக்கும் தோன்றாது.